நெடுநாள் நின்ற டீசல் அம்பாசடரைக் கிளப்புவது எப்படி: முதல்முறை முயல்பவர்களுக்கு

அப்பாவின் டீசல் அம்பாசடர், கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் தோப்புக் கொட்டகையில் ஆறு ஆண்டுகள் நின்றது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. நான் வெளியூரில் இருந்தேன். போன தை மாதம் ஊருக்கு வந்தபோது அதைக் கிளப்பியே தீருவது என்று உட்கார்ந்தேன். இரண்டு வார இறுதிகளும் நடுவில் சில மாலை நேரங்களும் பிடித்தன. அதில் செல்ஃப் அடித்த நேரம் மொத்தமாகச் சேர்த்தால் மூன்று நிமிடம்கூட இருக்காது. மற்றதெல்லாம் அதற்கு முந்தைய வேலை. இந்த விளக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல வருவதும் அதைத்தான்: நின்றுபோன டீசல் வண்டியில் சாவியைத் திருப்புவது கடைசி வேலை.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு நஷ்டத்தில். பல ஆண்டுகளுக்கு முன் சித்தப்பாவின் ஜீப் மூன்று வருடம் சும்மா நின்றிருந்தது. பேட்டரி செத்திருந்ததால் டிராக்டரில் கயிறு கட்டி இழுத்தோம். இரண்டாவது கியரில் கிளட்சை விட்டதும் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பியது. எல்லோரும் கைதட்டினோம். பத்து நிமிடத்தில் நின்றது, பிறகு அசையவில்லை. டேங்கின் அடியில் தேங்கியிருந்த தண்ணீரும் சகதியும் ஃபில்டரைத் தாண்டி டீசல் பம்புக்குள் போய், அதன் ரோட்டரைக் கீறி இறுக்கிவிட்டிருந்தன. அந்தப் பம்புக்கு உள்ளே ஓடும் டீசல்தான் எண்ணெய். தண்ணீர் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். பம்பைக் கழற்றிக் கோவைக்கு அனுப்பிச் சரிசெய்த செலவில் இரண்டு புது டயர் வாங்கியிருக்கலாம்.

அம்பாசடரில் டீசல் எஞ்சின் வந்தது 1980இல். பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைப்பில் வந்த 1489 சி.சி. எஞ்சின் அது. பெட்ரோல் வண்டியைப் போல ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை ஏறக்குறைய 23இல் ஒரு பங்காக நசுக்கும்போது எழும் சூட்டில் டீசல் தானாகத் தீப்பற்றுகிறது. ஆகவே மூன்று விஷயங்கள் சரியாக இருந்தால் போதும்: காற்று கசியாமல் நசுங்க வேண்டும், காற்றுக்குமிழி கலக்காத சுத்தமான டீசல், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசிலுக்கு வர வேண்டும், குளிர்ந்த எஞ்சினுக்கு ஹீட்டர் பிளக் சூடு கொடுக்க வேண்டும். கீழே வரும் எல்லா வேலையும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான். ஜீப், வேன், டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதுவே. திருகுகள் இருக்கும் இடம் மட்டும் மாறும்.

1. கொட்டகையில் முதல் நாள்

பானெட்டைத் திறப்பதற்கு முன் ஒரு கம்பால் நன்றாகத் தட்டுங்கள். தோப்பில் நின்ற வண்டியில் பாம்பு இருப்பது அபூர்வமல்ல. எலி இருப்பது கிட்டத்தட்ட உறுதி. எங்கள் வண்டியில் ஏர் கிளீனருக்குள் தேங்காய் நாரும் சீட்டிலிருந்து பிடுங்கிய பஞ்சுமாக ஒரு முழுக் கூடு இருந்தது. அதைப் பார்க்காமல் கிளப்பியிருந்தால் நார் அத்தனையும் எஞ்சினுக்குள் போயிருக்கும். ஏர் கிளீனரைக் கழற்றி, குழாயின் உட்புறம் வரை டார்ச் அடித்துப் பாருங்கள். எண்ணெய்த் தொட்டி வகைக் கிளீனர் என்றால் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுக் குறித்த அளவு வரை மட்டும் ஊற்றுங்கள். அளவு கூடினால் எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி அதையே எரிபொருளாக்கிக் கட்டுப்பாடில்லாமல் ஓடும்.

சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடத்தில் செம்பு வெளியே தெரியும். அதைச் சுற்றி மூடாமல் பேட்டரியை இணைக்கக் கூடாது.

2. ஆயிலும் தண்ணீரும்

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் கவலை இல்லை. பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்றால் டீசலோ தண்ணீரோ இறங்கியிருக்கிறது. எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியின் நட்டை (சம்ப் நட்) மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது என்பதால் இருந்தால் அதுதான் முதலில் சொட்டும். நிறையத் தண்ணீர் வந்தால், எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்குமோ என்று சந்தேகம். அதோடு நிறுத்திவிட்டு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஆயில் ஃபில்டரை மாற்றி, விலை அதிகமில்லாத 20W-40 ஆயிலை ஊற்றுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு இதையும் கொட்டத்தான் போகிறோம். ரேடியேட்டரில் துருத் தண்ணீரை இறக்கி, ஹோஸ்களை அழுத்திப் பார்த்து, விரிசல் விட்டதை மாற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் நிரப்புங்கள். கூலன்ட் ஊற்றுவதைக் கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

3. எஞ்சினைக் கையால் சுற்றுவது

அவசரப்படுபவர்கள் தவறு செய்யும் இடம் இது. ஆண்டுக்கணக்கில் நின்ற எஞ்சினில் பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும், மெல்லிய துரு படிந்திருக்கும். செல்ஃப் மோட்டாரின் முரட்டு வேகத்தில் அதைப் பிய்த்தால் வளையம் உடையும், சுவர் கீறும்.

நான்கு ஹீட்டர் பிளக்குகளின் ஒயரையும் கழற்றிவிட்டு, அடித் திருகில் துரு இளக்கும் எண்ணெயைப் பீய்ச்சி ஒரு நாள் விடுங்கள். மறுநாள் கால் சுற்றுத் தளர்த்தி, திரும்ப இறுக்கி, மறுபடி தளர்த்தி என்று பொறுமையாக எடுக்க வேண்டும். இழுத்து முறுக்கினால் நுனி உடைந்து உள்ளே விழும். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றாமல் தீராது.

பிளக் இருந்த துளைகளில் எண்ணெய் விடுங்கள். அளவு முக்கியம். 1489 சி.சி.யை நான்கால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 372 சி.சி. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அத்தனை காற்றும் நசுங்கி அடங்கும் இடம் சுமார் 17 மில்லிதான், மருந்துப் பாட்டிலோடு வரும் 10 மில்லி மூடியில் இரண்டுக்கும் குறைவு. அந்த இடத்தை எண்ணெய் நிரப்பிக்கொண்டால் பிஸ்டனுக்கு ஏற இடமில்லை. எண்ணெய் நசுங்காது, பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராட்தான் வளையும். அதனால் சிலிண்டருக்கு 5 மில்லி, ஒரு தேக்கரண்டி, அதற்கு மேல் வேண்டாம். பாதி எஞ்சின் ஆயில், பாதி டீசல் என்று கலந்து ஊசியில்லாத சிரிஞ்சால் விட்டேன். துளைகளில் துணி அடைத்து இரண்டு இரவு அப்படியே விட்டேன்.

மூன்றாம் நாள் துணியை எடுத்துவிட்டு, முன்பக்கம் கிராங்க் புல்லியின் நட்டில் பெரிய ஸ்பானரைப் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது வலப்பக்கமாக, கடிகார முள் சுற்றும் திசையில் அழுத்தினேன். முதலில் அசையவில்லை. சற்று எதிர்த்திசையில், பிறகு மீண்டும் இந்தப் பக்கம். நான்காவது முறையில் உள்ளே எங்கோ பிசின் விடுவது போன்ற மெல்லிய ஒலி வந்தது. ஸ்பானர் விரல் அகலம் நகர்ந்தது. அந்த விரல் அகலத்துக்காகத்தான் மூன்று நாள் காத்திருந்தது. இரண்டு முழுச் சுற்று வந்ததும் நான்கு சிலிண்டரும் மேலும் கீழும் போய்விட்டன என்று பொருள்.

அசையவே இல்லை என்றால் ஸ்பானரில் நீளமான பைப்பை மாட்டி மல்லுக்கட்டாதீர்கள். இன்னும் ஒரு தேக்கரண்டி எண்ணெய், இன்னும் நான்கு நாள். அல்லது டாப் கியரில் போட்டு இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னுமாக ஆட்டலாம்.

ஹீட்டர் பிளக்குகளை இப்போதே மாட்ட வேண்டாம். வெளியே இருக்கும்போதே அவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரில் நுனிக்கும் உடம்புக்கும் இடையே மிகக் குறைந்த ஓம் காட்டினால் நல்லது. எதுவுமே காட்டவில்லை என்றால் செத்தது. எங்கள் நான்கில் இரண்டு போயிருந்தன.

4. டேங்கை மறந்துவிடுங்கள்

முதல் ஓட்டத்துக்குப் பழைய டேங்கைப் பயன்படுத்தவே கூடாது. பாதி காலியான டேங்கில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஈரக்காற்று புகுந்து, குளிர்ந்து நீராகி அடியில் இறங்குகிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிரிகள் வளர்ந்து கறுப்பு வழுவழுப்பாகப் படர்கின்றன. எங்கள் டேங்கின் அடித் திருகைத் திறந்தபோது ஒரு குவளை பழுப்புத் தண்ணீர், அதன் பின்னால் கத்தாழைச் சோறு போன்ற கறுப்புக் கட்டிகள், பிறகுதான் டீசல் என்ற பெயரில் ஏதோ ஒன்று வந்தது. பழைய வார்னிஷ் வாசனை.

செய்ய வேண்டியது எளிது. ஐந்து லிட்டர் கேனில் பெட்ரோல் பங்கிலிருந்து புது டீசல் வாங்குங்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்புக்கு வரும் குழாயை டேங்கிலிருந்து பிரித்து, உள்ளே பார்க்கக்கூடிய தெளிந்த பிளாஸ்டிக் ஹோஸால் கேனில் இணையுங்கள். நாசிலிலிருந்து திரும்பும் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். கேன் எஞ்சினைவிடச் சற்று உயரத்தில், சாயாத இடத்தில், எக்ஸாஸ்ட் குழாய்க்கு எட்டாத பக்கம் இருக்கட்டும். டீசல் ஃபில்டரைப் புதிதாகப் போட்டு, கிண்ணத்தைக் கழுவி, ரப்பர் வளையத்தையும் மாற்றுங்கள். பழைய வளையத்தை மிச்சப்படுத்தினால் அதன் வழியே காற்று இழுத்து இரண்டு நாளைத் தின்றுவிடும்.

5. ஏர் எடுப்பது

டீசல் லைனில் ஒரு குமிழி இருந்தாலும் எஞ்சின் பிடிக்காது. காற்று நசுங்கும், டீசல் நசுங்காது. பம்பு தள்ளும்போது குமிழி சுருங்கிக் கொடுத்துவிட்டால் நாசில் திறக்க அழுத்தமே எழாது.

எங்கள் வண்டியில் இருப்பது சி.ஏ.வி. என்ற தயாரிப்பின் ரோட்டரி டீசல் பம்பு. வரிசை இப்படி: முதலில் ஃபில்டர் தலையில் உள்ள ஏர் திருகைத் தளர்த்துங்கள். எஞ்சின் பக்கவாட்டில் உள்ள ஃபீட் பம்பின் கை லீவரை மேலும் கீழும் அடியுங்கள். லீவர் வெறுமனே தொளதொளவென்று ஆடினால் பழுது என்று எண்ண வேண்டாம். உள்ளே பம்பைத் தள்ளும் கேம், அதன் மேட்டில் நிற்கிறது, கிராங்கை ஸ்பானரால் ஒரு சுற்று சுற்றினால் லீவருக்குப் பிடிமானம் வந்துவிடும். இது தெரியாமல் நல்ல ஃபீட் பம்பை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

திருகின் ஓரத்தில் முதலில் காற்று சீறும். அடுத்து சோப்பு போல வெள்ளை நுரை. பிறகு இடைவெளி விட்டு விட்டுக் குமிழி. கடைசியில் குமிழியே இல்லாத, கண்ணாடி நூல் போன்ற ஒழுக்கு. அந்த நூல் வந்த பிறகும் பத்து முறை லீவரை அடித்துவிட்டு, ஒழுகும்போதே திருகை இறுக்குங்கள். அடுத்து பம்பிலேயே இரண்டு திருகுகள்: குழாய்கள் கிளம்பும் தலைப்பகுதியின் பக்கத்தில் ஒன்று, வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் மூடி மேல் ஒன்று. இரண்டையும் தளர்த்தி லீவரை அடித்து, தலைப்பகுதித் திருகை முதலிலும் மேல் திருகைப் பிறகும் மூடுங்கள். பம்பின் வெளிப்பக்கம் துரு, மண் எல்லாவற்றையும் பிரஷ்ஷால் துடைத்த பிறகே திருகில் கை வைக்க வேண்டும். மணல் துகள் ஒன்று போதும், சித்தப்பாவின் ஜீப் கதை திரும்ப நடக்க.

6. பேட்டரியும் ஆயில் அழுத்தமும்

ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பேட்டரி வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் டீசல் எஞ்சினுக்கு அது போதாது. கேபிள் முனைகளையும், எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குப் போகும் எர்த் பட்டையையும் உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குங்கள். மெதுவாகச் சுற்றும் செல்ஃபுக்குப் பாதி நேரம் காரணம் அந்த எர்த்தான்.

இப்போது டாஷ்போர்டில் உள்ள, டீசல் போவதை நிறுத்தும் ஸ்டாப் குமிழை முழுவதும் இழுத்துப் பிடித்தபடி, ஹீட்டர் பிளக்குகள் இல்லாமலே, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். பிளக் துளைகளிலிருந்து நாம் விட்ட எண்ணெய் பீய்ச்சியடிக்கும். மேலே கனமான துணி போட்டிருக்க வேண்டும், முகத்தை அங்கே கொண்டுபோகக் கூடாது. இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி பத்து விநாடி. ஆயில் முள் எழும் வரை, அல்லது ஆயில் விளக்கு அணையும் வரை. எங்களுக்கு ஐந்தாவது முறையில் எழுந்தது. பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர்ந்துவிட்டது. பிளக்குகளை மாட்டி ஒயரை இணைத்துவிடலாம்.

7. கிளப்புவதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

பழைய டீசல் உலர்ந்து பம்பின் உள்ளே பிசினாகி, டீசலை அளந்து விடும் வால்வு திறந்தபடியே ஒட்டியிருக்கலாம். அப்படியென்றால் எஞ்சின் பிடித்ததும் முழு வேகத்துக்கு ஏறும், ஸ்டாப் குமிழை இழுத்தாலும் நிற்காது. காற்றை அடைப்பதுதான் வழி. காற்று நுழையும் வாயைவிடப் பெரிய ஒரு பலகையை ஆள் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். உள்ளங்கையால் அடைக்க முயலக் கூடாது. துணியாலும் கூடாது, உள்ளே இழுத்துக்கொள்ளும்.

காற்றுக்குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது, பெட்ரோல் நனைத்த துணியைக் காட்டுவது, இரண்டும் வேண்டவே வேண்டாம். ஹீட்டர் பிளக் சிவந்திருக்கும் சிலிண்டரில் அவை நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் உடையும், தீ வெளியே வந்து முகத்தைச் சுடும்.

நாசிலிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வருகிறது. ஊசி குத்தியது போலச் சிறிய புள்ளிதான் தெரியும், வலியும் இருக்காது. சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி ஏதேனும் பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், உயர் அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கொட்டகைக் கதவுகளை முழுவதும் திறந்து வையுங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

8. சாவி

ஸ்டாப் குமிழை உள்ளே தள்ளுங்கள். நாசில்களின் தலையில் உள்ள நான்கு குழாய் நட்டுகளையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, மேலே துணி போட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, டீசல் சொட்டும் வரை பாருங்கள். விரலை அங்கே வைக்க வேண்டாம். சொட்டியதும் நான்கையும் இறுக்குங்கள்.

ஹீட்டரை 30 விநாடி பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரைப் பாதி அழுத்தியபடி செல்ஃப் அடியுங்கள், 15 விநாடிக்கு மேல் வேண்டாம். பிடிக்கவில்லை, ஆனால் சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது என்றால் நல்ல செய்தி: டீசல் உள்ளே போகிறது, சூடுதான் போதவில்லை. ஓய்வு கொடுத்து ஹீட்டரோடு மறுபடி முயலுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் வரவில்லை, ஐந்தாவது படிக்குத் திரும்ப வேண்டும்.

எங்கள் வண்டி மூன்றாவது முயற்சியில் ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் பிடித்தது. டுப்... டுப்... என்று தனியாக ஓர் அடி. செல்ஃபை விடாமல் இன்னும் நான்கு விநாடி பிடித்ததும் இரண்டாவது சேர்ந்தது, பிறகு மற்ற இரண்டும். கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை. உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஆயில் முள்ளைப் பார்த்தேன். பத்து விநாடிக்குள் அது எழவில்லை என்றால் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் ஸ்டாப்பை இழுத்துவிட வேண்டும்.

எஞ்சின் குலுங்கி ஓடினால் நாசில் குழாய் நட்டுகளில் ஒன்றை மட்டும், கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஸ்பானரால் சற்றுத் தளர்த்துங்கள். நல்ல சிலிண்டர் என்றால் ஓசை உடனே தளரும். ஓசை மாறவில்லையா, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். எங்களுடையதில் இரண்டாவது. நாசிலைக் கழற்றிச் சோதிக்கக் கொடுத்தோம்.

வெள்ளைப் புகை எஞ்சின் சூடானதும் மறைய வேண்டும். நீலமாகவே தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. நாம் விட்ட எண்ணெய்க்காக முதல் கால்மணி நேரம் பொறுக்கலாம். கறுப்பு என்றால் ஏர் கிளீனரையும் நாசிலையும் பாருங்கள். 20 நிமிடம் ஓடவிட்டு, ரேடியேட்டர் சூடு, கசிவு, பேட்டரி சார்ஜ் மூன்றையும் கவனியுங்கள். பேட்டரி முனையில் 14 வோல்ட் அளவுக்கு வந்தால் சார்ஜ் ஆகிறது.

9. ஓடுகிறது, ஆனால் ஓட்டாதீர்கள்

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஆறு வருடத்தில் வீல் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்திருக்கும், லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும். நான்கு டிரம்மையும் கழற்றாமல் வாசலைத் தாண்டக் கூடாது. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் வயதான டயர் வெடிக்கும். கிளட்ச் தட்டு ஒட்டியிருந்தால் கியர் விழாது.

டேங்கை இறக்கிக் கழுவிய பிறகே கேனை அகற்றுங்கள். ஆர்.சி. 15 ஆண்டு முடிந்ததா என்று பாருங்கள். அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இன்ஷூரன்ஸும் மாசுச் சான்றும் இல்லாமல் தெருவில் சோதனை ஓட்டம் வேண்டாம்.

மறுநாள் விடியற்காலை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருந்தபோது, ஹீட்டரை 20 விநாடி பிடித்துச் செல்ஃப் அடித்தேன். ஒரே முயற்சியில் பிடித்தது. அப்பா திண்ணையிலிருந்து எழுந்து கொட்டகை வாசல் வரை நடந்து வந்தார். கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் கேட்டார்.

"மூன்றாவதில் டாப்பெட் தட்டுகிறது பார்," என்றார். அந்த இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் எங்கே இருக்கிறது என்றும் அவரேதான் சொன்னார்: டிக்கியில், ஜாக்குக்குக் கீழே, பழைய வேட்டித் துணியில் சுற்றி.